10 கிலோ நியூட்டன் அச்சு விசைக்கு ஒரு லோடு செல் வடிவமைத்தல்

அச்சு விசையை அளக்கும் லோடு செல் அடிப்படையில் ஒரு குட்டைத் தூண்தான். விசை அதை நுண்ணளவில் சுருக்க, அதன்மேல் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ்கள் அந்தத் திரிபை (நீள மாற்றத்துக்கும் மூல நீளத்துக்கும் உள்ள விகிதத்தை) மின்தடை மாற்றமாகத் தருகின்றன. ஆகவே, முழு விசையில் எவ்வளவு திரிபு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 1000 மைக்ரோ திரிபு, அதாவது நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம், பொருத்தமான இலக்கு. யங் குணகம் (தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள விகிதம்) 70 கிகா பாஸ்கல் கொண்ட அலுமினியக் கலவையில் அதற்கு 70 மெகா பாஸ்கல் தகைவு, அதாவது ஓரலகு பரப்பின் மீதான விசை, தேவை. 10,000 நியூட்டனை அதனால் வகுத்தால் பரப்பு ஏறத்தாழ 143 சதுர மில்லிமீட்டர், அதாவது 12 மி.மீ. சதுரத் தூண். உருளையை விடச் சதுரமே மேல், ஏனெனில் தட்டையான முகத்தில் கேஜ் ஒட்டுவது எளிது. 2024 என்ற எண் கொண்டது போன்ற வலுவான அலுமினியக் கலவைக்கு இந்தத் தகைவு மிகக் குறைவே.

தூணின் சீரான பகுதி அகலத்தைப் போல் மூன்று மடங்காவது நீளமாக இருக்கட்டும். முனைகளில் தகைவு சீரற்றுப் பரவும் என்பதால் கேஜ்கள் நடுவில்தான் அமைய வேண்டும்.

உண்மையான சிக்கல் வளைவில் இருக்கிறது. விசை மையத்திலிருந்து சற்று விலகினாலும் தூண் வளையும். எதிரெதிரான இரு முகங்களின் நடுக்கோட்டில் நீளவாக்கில் ஒன்று, குறுக்காக ஒன்று என நான்கு 350 ஓம் கேஜ்களை ஒட்டி, நீளவாக்குக் கேஜ்கள் இரண்டையும் வீட்ஸ்டன் சமனச்சுற்றின் (நான்கு மின்தடைகளின் வேறுபாட்டைச் சிறு மின்னழுத்தமாகக் காட்டும் சுற்றின்) எதிரெதிர்ப் புயங்களில் இணைத்தால், ஒரு முகத்தில் கூடும் வளைவுத் திரிபு மறுமுகத்தில் குறைந்து ஈடாகிவிடும். நான்கும் ஒரே உலோகத்தில் இருப்பதால் வெப்பநிலையின் தாக்கமும் பெரும்பாலும் நீங்கும். நான்கையும் நீளவாக்கில் ஒட்டுவோர் உண்டு. எல்லாம் ஒரே அளவு மாறுவதால் அச்சுற்று எதையும் காட்டாது. கேஜ் காரணி (திரிபுக்கு ஏற்ப மின்தடை மாறும் விகிதம்) 2, பாய்சான் விகிதம் (குறுக்குத் திரிபுக்கும் நீளவாக்குத் திரிபுக்கும் உள்ள விகிதம்) 0.33 எனில் முழு விசையில் வெளியீடு ஊட்டத்தின் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 1.3 மில்லிவோல்ட், 5 வோல்ட் ஊட்டத்தில் கிடைக்கும் 6.6 மில்லிவோல்ட்டை எச்எக்ஸ்711 சில்லு (சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக மாற்றுவது) வசதியாகப் படிக்கும்.

ஒட்டுமுன் பரப்பை எண்ணெய் நீக்கி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் துடைக்க வேண்டும். சோதனைக்கு சயனோஅக்ரிலேட் பசை போதும். ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டுமானால் சூட்டில் இறுகும் எப்பாக்சியே ஏற்றது.

விசை ஒரு கோளப் பொத்தான் வழியாக மையத்தில் இறங்கட்டும். அளவீட்டுக்கு முன் சில முறை முழு விசை ஏற்றி இறக்கிவிட்டு, பிறகு தெரிந்த எடைகளைப் படிப்படியாக ஏற்றும்போதும் இறக்கும்போதும் வெளியீட்டைக் குறியுங்கள். ஒரே எடைக்கு இரு அளவுகளும் கணிசமாக வேறுபட்டால், கணக்கைச் சந்தேகிக்குமுன் பசைப்படலத்தையும் முனைகளின் பொருத்தத்தையும் பாருங்கள்.