சாய்வெயிலும் சொரசொரப்புக் கண்ணாடியும்: மாடியில் ஒரு சோலார் சோதனை

சோலார் பேனலில் ஒளியை மின்சாரமாக்குவது சிலிக்கான். பளபளவென்று மெருகேற்றிய வெறும் சிலிக்கான், தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் ஆலையில் அதைக் காரக் கரைசலில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகளாக்குகிறார்கள். ஒரு சரிவில் தெறித்த ஒளி பக்கத்துச் சரிவில் பட்டு மறுபடி உள்ளே நுழையப் பார்க்கும். அதை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் பேனலை மேலே மூடும் கண்ணாடியை மாற்றி, சாய்வெயிலில் எது குறைவாக ஒளியைத் தெறிக்கவிடுகிறது என்று பார்க்கலாம்.

6 வோல்ட் குட்டி பேனல், மல்டிமீட்டர், பலகை, ஆணி, தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையில் ஒரே தடிமனில், நிறமில்லாத இரண்டு துண்டுகள் கேளுங்கள்: ஒன்று சாதா, மற்றது பாத்ரூம் ஜன்னலுக்குப் போடும் மேடுபள்ளக் கண்ணாடி.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு என்றால் வளவில் (உள்முற்றத்தில்) வேண்டாம். மெருகேற்றிய சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் வெயிலைத் திருப்பியடித்து அளவைக் கெடுக்கும். மாடிக்குப் போங்கள், மேகமில்லாத நேரமாகப் பார்த்து.

1. பேனலைப் பலகையில் ஒட்டுங்கள். ஓரத்தில், நிழல் பேனலில் விழாதபடி, 2 செ.மீ. வெளியே நிற்குமாறு ஆணியைச் செங்குத்தாக அடியுங்கள்.

2. பேனலில் எண்ணெய் தடவி, காற்றுக்குமிழி இல்லாமல் சாதாக் கண்ணாடியை வையுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் நடுவிலுள்ள காற்றிலும் ஒளி தெறிக்கும்.

3. மல்டிமீட்டரை டிசி மில்லி ஆம்பியரில் வைத்துப் பேனலின் இரு ஒயர்களிலும் நேரடியாகத் தொடுங்கள். வீட்டுக்கூரைப் பேனலில் இதைச் செய்யவே கூடாது.

4. ஆணியின் நிழல் மறையும்வரை பலகையைத் திருப்பினால் 0 டிகிரி, அதாவது நேர்வெயில். நிழல் 3.5 செ.மீ. என்றால் 60, 5.5 செ.மீ. என்றால் 70. கோணமானி தேவையில்லை.

5. ஒவ்வொரு கோணத்திலும், கை நீட்டி ஓர் அட்டையால் பேனலுக்கு மட்டும் நிழல் கொடுத்து இன்னோர் அளவு எடுங்கள். அது வானத்து வெளிச்சம், கழித்துவிடுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான கணக்கு. 60 டிகிரி சாய்த்தாலே பேனலில் விழும் வெயில் பாதியாகிவிடும். அதில் கண்ணாடியின் குற்றம் ஒன்றுமில்லை. ஆகவே 60 டிகிரி அளவை 0.5ஆலும், 70 டிகிரி அளவை 0.34ஆலும் வகுங்கள். உதாரணத்துக்கு, நேர்வெயிலில் 80 மில்லி ஆம்பியர், 70 டிகிரியில் 24 என்றால், 24 ÷ 0.34 கிட்டத்தட்ட 71. குறைந்த 9தான் சாய்வினால் கூடுதலாகத் தெறித்துப் போனது.

இப்போது மேடுபள்ளம் வெளியே பார்க்கும்படி மற்ற கண்ணாடியை வைத்து, எல்லாவற்றையும் மறுபடி அளங்கள். நேர்வெயிலில் பெரிய வித்தியாசம் இருக்காது. 60ஐத் தாண்டினால்தான் சாதாக் கண்ணாடியின் அளவு மற்றதைவிட வேகமாக இறங்கும். பள்ளம் ஆழமில்லாத டிசைன் என்றால் மாற்றம் தெரிவதே கஷ்டம். ஆழமானதாகத் தேடி வாங்குங்கள். நம்மூர்ச் செம்மண் புழுதி அந்தப் பள்ளங்களில்தான் போய் உட்காரும், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு அளங்கள்.