குருட்டுப்புள்ளியின் எல்லையை வீட்டிலேயே வரைவது எப்படி?

பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்கள் கிடையாது; அதனால் பார்வையில் விழும் ஓட்டைதான் குருட்டுப்புள்ளி. அந்த ஓட்டையைப் பள்ளிப் பாடத்தில் ஒரு புள்ளியை மறைய வைத்துக் காட்டுவார்கள். அதோடு நிறுத்தாமல் அளந்து பார்க்கலாம்.

ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் சுவரில் ஒட்டுங்கள். இடது ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி, நடு உயரத்தில் சிறு பெருக்கல் குறி போடுங்கள். வலது கண் அதன் நேர் எதிரே, 57 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். இந்தத் தூரத்தில் தாளின் 1 செ.மீ. ஏறக்குறைய 1 டிகிரி. மேசையில் புத்தகங்களை அடுக்கி மோவாயை அதன்மேல் வையுங்கள். தலை 50 செ.மீ.க்கு முன்னேறினாலே, குறியிலிருந்து 15 செ.மீ.யில் இருக்கவேண்டிய மையம் 13-க்கு வந்துவிடும்.

வெள்ளைத் தாள் சுற்றிய குச்சியின் நுனியில் 3 மி.மீ. கருப்புப் புள்ளி வையுங்கள். குச்சியை இன்னொருவர் பிடிப்பது நல்லது. தானே நகர்த்தினால் பார்வை கையின் பின்னாலேயே போகும். இடது கண்ணை மூடி, குறியையே பாருங்கள். புள்ளி மறையும் இடத்திலிருந்து எட்டுத் திசைகளிலும் நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் வெளியே நகர்த்தச் சொல்லுங்கள். தெரிந்ததும் "இப்போ" என்றால் அவர் குறித்துக்கொள்வார். பிறகு வெளியிலிருந்து உள்ளே. இரண்டு குறிகளும் ஒன்றாக அமையாது, சொல்வதற்குள் புள்ளி நகர்ந்துவிடுகிறதே! நடுவை எடுங்கள். சுமார் 6 செ.மீ. அகலமும் 7 முதல் 8 செ.மீ. உயரமும் உள்ள நீள்வட்டம் வரும்; மையம் குறியின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்.

புள்ளி மறையவே இல்லையா? பெரும்பாலும் பார்வை குறியை விட்டு நழுவியிருக்கும், அல்லது தவறான கண்ணை மூடியிருப்பீர்கள். கோடு கோணல்மாணலானால் தலை ஆடியிருக்கிறது.

அடுத்து, நீள்வட்டத்துக்குக் குறுக்கே இருபுறமும் 3 செ.மீ. நீளுமாறு தடித்த கோடு போடுங்கள். குறியைப் பார்த்தால் கோடு அறுபடாமல் தெரியும். மூளை இடைவெளியை இட்டுக்கட்டும் இந்த 'நிரப்புதலை' 1990-களின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். குரங்குகளின் முதன்மைப் பார்வைப் புறணியில் (கண்ணின் செய்திகளை முதலில் பெறும் மூளைப் புறணிப் பகுதி), அந்த ஓட்டைக்கு நேரான பகுதியிலுள்ள சில நியூரான்கள் நிரப்புதல் நடக்கும்போது துடிப்பதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். மூளை அந்த ஓட்டையைச் சும்மா கவனிக்காமல் விடுவது மட்டுமல்ல என்பதற்கு அது நல்ல சான்று. எல்லை காணக் கோட்டை விட்டுத் தனிப்புள்ளியைப் பிடித்ததும் இதனால்தான்.

கண்ணழுத்த நோயின் (கிளாக்கோமா) தொடக்கப் பார்வை இழப்பும் இப்படியே மறைந்துகொள்ளும். நீள்வட்டத்துக்கு வெளியே இன்னோரிடத்திலும் புள்ளி திரும்பத் திரும்ப மறைந்தால், கண் மருத்துவரிடம் பார்வைப்புலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.