மூன்டர் பாணி நிலக்காட்சி: பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சைச் சரிவு, நீல மலை, புல்லில் சாய்ந்திருக்கும் இரண்டு பேர். முகங்களில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஜெர்மன் ஓவியர் காப்ரியேலே மூன்டர் தன் ஓவிய நண்பர்கள் இருவரை 1909 வாக்கில் தீட்டிய ‘யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ ஓவியத்தில் இருப்பது அவ்வளவுதான். மூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் ‘இதை நாமே போட்டுவிடலாம்’ என்று தோன்றும். போட்டுப் பார்த்தால் வண்ணமெல்லாம் கலந்து சேறாகும். பலரும் நிறத்தைக் குறை சொல்வார்கள். கோளாறு பெரும்பாலும் வேலை செய்த வரிசையில் இருக்கும்.

வண்ணத்தை முழுக்கப் பூசிவிட்டுக் கடைசியில் கறுப்புக் கோட்டைச் சுற்றி இழுப்பதுதான் முதல் தவறு. அப்படிச் செய்தால் கோடு படத்தோடு ஒட்டாது, வேலி கட்டியதுபோல் மேலே நிற்கும். மூன்டர் பிரஷ்ஷாலேயே முதலில் கோடு போட்டார். வண்ணம் பிறகு அந்தக் கோடுகளுக்குள் வந்தது. பல இடங்களில் வண்ணம் கோட்டைத் தொடாமல் சற்று முன்னாலேயே நின்றுவிடும். இடைவெளியில், படம் தீட்டிய அட்டையின் பழுப்பு தெரியும். நீங்களும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுப் பூசுங்கள். பூசி முடித்தபின், தேவைப்படும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கோட்டை மறுபடி அழுத்தினால் போதும்.

அடுத்தது கறுப்பு. ஆயில் கலரில் ஐவரி பிளாக் காய மிகவும் நாளாகும். அதைத் தடிமனாக இழுத்துவிட்டு உடனே பக்கத்தில் மஞ்சளைப் பூசினால், மஞ்சள் அழுக்குப் பச்சையாக மாறும். பிரஷ்யன் ப்ளூவையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் கறுப்புக்கு நெருக்கமான நிறம் கிடைக்கும். இரண்டும் சீக்கிரம் காய்பவை. டர்பென்டைன் விட்டு மெல்லியதாக்கி, 4ஆம் எண் உருண்டை பிரஷ்ஷால் இழுத்து, தொட்டால் கையில் ஒட்டாத வரை காய விடுங்கள். அவசரமென்றால் கோட்டை மட்டும் அக்ரிலிக்கில் போடலாம். அக்ரிலிக் மேல் ஆயில் நிற்கும். ஆயில் மேல் அக்ரிலிக் நிற்காது, உரிந்துவிடும்.

கான்வாஸில் இதே படத்தைப் போட்டுவிட்டு ‘அந்த மங்கல் அழகு வரவில்லையே’ என்பவர்கள் உண்டு. முர்னாவ் என்ற ஊரில் மூன்டர் தீட்டிய படங்கள் பெரும்பாலும் அட்டையில் தீட்டியவை. இந்தப் படமும் அப்படித்தான், ஏறத்தாழ 33 × 45 செ.மீ. அட்டை எண்ணெயை உறிஞ்சுவதால் பளபளப்பு போய்விடுகிறது. அதற்காக வெறும் அட்டையில் ஆயில் பூசக் கூடாது. எண்ணெய் இறங்கி அட்டை காலப்போக்கில் பழுத்து நொறுங்கும். 2 அல்லது 3 மி.மீ. கிரே போர்டில், மேட் மீடியமும் (பளபளக்காத அக்ரிலிக் பூச்சு) தண்ணீரும் சம அளவு கலந்து இரண்டு கை பூசுங்கள். பின்பக்கமும் பூச வேண்டும், இல்லாவிட்டால் அட்டை ஒரு பக்கமாக வளையும். அடிப்பூச்சாகப் பூசும் வெள்ளை ஜெஸ்ஸோ வேண்டாம். பூசினால் இடைவெளியில் பழுப்புக்குப் பதில் வெள்ளை பல்லிளிக்கும். முடித்த படத்துக்குப் பளபள வார்னிஷ் அடிப்பதும் இந்த உழைப்பையெல்லாம் வீணாக்கும். அடித்தே ஆக வேண்டுமென்றால் மேட் வார்னிஷ்.

தூரத்து மலையை வெளிறவைப்பது பள்ளிப் பாடம். இங்கே அது உதவாது. முர்னாவ் பவேரியாவின் ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊர். தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் ‘ஃபோன்’ என்ற வறண்ட வெப்பக் காற்று வீசும் நாட்களில் காற்றில் மங்கலே இருக்காது; மலை கைக்கெட்டும் தூரத்தில் கருநீலமாக நிற்கும். அதனால் மலைக்கும் முன்புறப் புல்லுக்குச் சமமான அழுத்தம் கொடுங்கள். வெள்ளையை வானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லா நிறத்திலும் டைட்டானியம் வெள்ளை சேர்ந்தால் படம் சுண்ணாம்படித்த மாதிரி ஆகும்.

முகத்துக்குக் கண் வைக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். மலை, சரிவு, ஆட்கள் எல்லாம் ஒரே எளிமையில் இருப்பதால்தான் மனிதர்கள் நிலத்தோடு சேர்ந்துவிடுகிறார்கள். கண் வைத்த மறுகணம் இது நிலக்காட்சியாக இருக்காது. இரண்டு பேரின் உருவப்படம் ஆகிவிடும்.

ஓவியரைப் பற்றிச் சொல்லும்போதும் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது: ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியைச் சொல்லி, ‘காண்டின்ஸ்கியின் மாணவி’ என்று முடித்துவிடுவது. 1902இல் மூன்டர் காண்டின்ஸ்கியின் ‘ஃபாலங்ஸ்’ ஓவியப் பள்ளியில் சேர்ந்தது உண்மை. மூனிக் கலைக் கழகம் அன்று பெண்களைச் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே, 1898 முதல் 1900 வரை, அமெரிக்காவில் பயணம் செய்து நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்தவர். கறுப்புக் கோட்டுப் பாணிக்கு அவர் அதிகம் கடன்பட்டது காண்டின்ஸ்கிக்கு அல்ல. யாவ்லென்ஸ்கிக்கும், முர்னாவ் பகுதியின் கண்ணாடி ஓவியங்களுக்கும்தான். கண்ணாடியின் பின்பக்கம் தீட்டும் அந்த ஓவியங்களில் கோடுதான் முதலில் விழ வேண்டும், வேறு வழியில்லை. அந்தக் கைவேலையை உள்ளூர்க் கலைஞர் ஹைன்ரிஷ் ராம்போல்டிடம் அவர் நேரடியாகக் கற்றார்.