பள்ளி ப்ராஜெக்டுக்கு இணையத்தில் தேடப் பழக்குவது

“பெல்லந்தூர் ஏரி ஏன் நுரைக்கிறது?” பெங்களூரு பள்ளியில் இப்படி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தால், பெரும்பாலான பிள்ளைகள் கேள்வியை அப்படியே கூகுளில் தட்டி, மேலே வரும் ஏஐ சுருக்கத்தை நோட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சுருக்கம் தவறாகவும் இருக்கலாம். அதன் பக்கத்திலுள்ள இணைப்பைத் திறந்து, அதே செய்தி அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதவிடுங்கள்.

போனை எடுக்கும் முன் ஒரு தாளில் தேடுசொற்களை எழுத வைப்பதுதான் முக்கியமான வேலை. ஏரியின் பெயர், கழிவுநீர், நுரை, சோப்புத்தூள் என நான்கைந்து சொற்கள் போதும். வீட்டில் தமிழில் பேசி யோசிக்கட்டும். தேடும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடட்டும். கன்னடம் எழுதத் தெரிந்த பிள்ளை கன்னடத்திலும் தேடினால் உள்ளூர்ச் செய்திகள் கூடுதலாகக் கிடைக்கும். ஊரின் ஆங்கிலப் பெயர் 2014 நவம்பரில்தான் ‘பெங்களூரு’ என்று மாறியது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் ‘பேங்களூர்’ என்றே இருக்கும். அல்சூர், ஹலசூரு என்று ஒரே ஏரிக்கு இரண்டு பெயரும் உண்டு. ஒன்றை மட்டும் தட்டினால் பாதி கண்ணில் படாமலே போய்விடும்.

பெல்லந்தூர் என்று மட்டும் தேடினால் வாடகை வீட்டு விளம்பரங்கள்தான் குவியும். ஏரியின் முழுப் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் சேர்ந்தே வரும் பக்கங்கள் கிடைக்கும். வேண்டாத சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், கழித்தல் குறி போடலாம். அரசு அறிக்கை மட்டும் வேண்டுமா? ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டியே ‘ஜிஓவி டாட் இன்’ சேர்க்க வேண்டும் (site:gov.in). கல்லூரி ஆய்வுகளுக்கு ‘ஏசி டாட் இன்’ (site:ac.in). முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் இது வேலை செய்யாது. பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

விக்கிப்பீடியாவைத் தடுக்க வேண்டாம். ஆனால் அதன் அடிக்குறிப்பு இணைப்புகளைத் திறந்து மூலத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏரி தீப்பிடித்தது 2015 என்று ஒரு செய்தி, 2017 என்று இன்னொன்று, 2018 என்று மற்றொன்று. எது பொய் என்று பிள்ளை குழம்பும். மூன்றுமே உண்மைதான், அவை வெவ்வேறு சம்பவங்கள். ஆகவே செய்தி வெளியான தேதியை முதலில் பார்க்கட்டும். தெரியாத தளமாக இருந்தால், அதை நடத்துவது யார் என்று பிரவுசரில் தனி டேப் திறந்து தேடட்டும். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவரின் பக்கத்தில் பயமுறுத்தல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

படித்ததும் பக்கத்தை மூடிவிட்டு, சொந்த வார்த்தையில் இரண்டு மூன்று வரி எழுத வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கை தானாகவே காப்பியடிக்கும். தளத்தின் பெயர், தலைப்பு, இணைப்பு, பார்த்த தேதி நான்கையும் அப்போதே குறிக்கட்டும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் அந்தப் பக்கத்தை மறுபடி தேடிப் பிடிப்பது பெரும் பாடு.