நின்ற பாறை நின்றுகொண்டே இருக்குமா? பாறைப் பிளவுகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமயம் கோட்டைப் பாறையையோ குன்றக்குடி மலையையோ அண்ணாந்து பார்க்கிற யாருக்கும் இது அசையும் என்ற எண்ணமே வராது. கருங்கல்லின் பலத்தில் சந்தேகம் வேண்டாம்தான். நல்ல கருங்கல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் நசுக்கத்தைத் தாங்கும். ஆனால் மலை முழுக்க ஒரே கல் கிடையாது. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பிளவுகள் ஓடுகின்றன. மேல்பரப்பில் தோல் உரிவதுபோலப் பலகை பலகையாகப் பிரிந்து கிடக்கிற பாறையைச் செட்டிநாட்டுக் குன்றுகள் பலவற்றில் பார்க்கலாம். பாறை சரிவதும் உருள்வதும் அந்தப் பிளவு வழியாகத்தான். கல்லின் பலத்தை மலையின் பலமாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. குவாரி வெட்டுகிறவர், பாறைக் கிணறு தோண்டுகிறவர், மலையடியில் வீட்டுமனை வாங்குகிறவர் என்று எல்லோரும் செய்கிற தவறு இது.

சரி, பிளவுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? பிளவின் இரண்டு முகங்களும் வழவழப்பாக இருப்பதில்லை. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மேல் கல் வழுக்க வேண்டுமானால் அந்த மேடுகளில் ஏறித் தாண்ட வேண்டும், இல்லையென்றால் அவற்றை உடைக்க வேண்டும். 1966இல் பேட்டன் என்ற ஆய்வாளர் இதைக் கணக்காகச் சொன்னார்: கல்லோடு கல் உரசும் இயல்பான உராய்வுக் கோணத்தோடு (வழவழப்பான கல்லைச் சாய்க்கச் சாய்க்க, மேல் கல் எந்தச் சாய்வில் வழுக்கத் தொடங்குகிறதோ அந்தக் கோணம்) மேடுகளின் சாய்வுக் கோணத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு 1970களில் பார்ட்டன், பிளவின் சொரசொரப்புக்கு 0 முதல் 20 வரை ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

இப்போது அதே பிளவை முன்னும் பின்னுமாக ஆட்டினால் என்ன ஆகும்? நம் வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். அரைக்க அரைக்க வழவழப்பாகிவிடும், அப்புறம் உளியால் கொத்தினால்தான் மறுபடி பிடிக்கும். பிளவிலும் நடப்பது இதுதான், ஆனால் அதைக் கொத்திக் கொடுக்க ஆள் இல்லை. நிலநடுக்கம் ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு நின்றுவிடுவதில்லை. திசை மாறி மாறி ஆட்டுகிறது. போகும்போது மேட்டின் ஒரு பக்கம் உடைகிறது, திரும்பும்போது மறுபக்கம். உடைந்த துகள் பொடியாகி நடுவில் தங்குகிறது. சோதனைக்கூடத்தில் பிளவுகளைத் திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தவர்கள் கண்டது, சேதத்தின் பெரும்பகுதி முதல் சில ஆட்டத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது. அதன்பின் பலம் மெதுவாகக் குறைந்து, வழவழப்பான கல்லின் உராய்வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அதனால்தான் “அதிர்வு வந்தது, பாறை நின்றுவிட்டது, இனி பயமில்லை” என்ற பேச்சை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 35 பாகை சாய்ந்த பிளவின்மேல் ஒரு பெரிய பாறை உட்கார்ந்திருக்கிறது. கல்லின் உராய்வு 30 பாகை, மேடுகள் தருவது 15 பாகை, ஆக 45. அது தாங்கக்கூடிய விசை, அதை இழுக்கும் விசையைப்போல 1.43 மடங்கு (45 பாகையின் டேன்ஜென்டை 35 பாகையின் டேன்ஜென்டால் வகுத்தால் வருவது). நல்ல பாதுகாப்பு. ஒரு நிலநடுக்கத்தில் மேடுகளின் பங்கு பாதியாகிறது என்று வையுங்கள், கோணம் 37.5. இப்போது அதே விகிதம் 1.1. வெளியிலிருந்து பார்த்தால் பாறை நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு விரல் அகலம்கூட நகர்ந்திருக்காது. ஆனால் அடுத்த ஆட்டத்தையோ அடுத்த அடைமழையையோ தாங்க அதனிடம் மிச்சம் கொஞ்சம்தான்.

நேபாளத்தில் இதைப் பெரிய அளவில் பார்த்தோம். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் முதல் அதிர்ச்சி, மே 12 அன்று 7.3 அளவில் இன்னொன்று. தளர்ந்த சரிவுகள் அந்த மழைக்காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாகச் சரிந்தன.

“நம்ம பக்கம் நிலநடுக்கமே வராதே” என்பார்கள். இந்தியத் தரக்கட்டுப்பாட்டு விதியின் 2016ஆம் ஆண்டு வரைபடத்தில் சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகள் இரண்டாம் மண்டலத்தில், அதாவது இருப்பதிலேயே குறைந்த ஆபத்துள்ள மண்டலத்தில் வருகின்றன. குறைவுதான், இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று வந்தது.

குவாரி வெடியை நிலநடுக்கத்தோடு அப்படியே ஒப்பிடுவதும் தவறு, அதை ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் தவறு. வெடியின் அதிர்வு வேகமானது, சீக்கிரம் அடங்கிவிடும். தூரத்தில் இருக்கும் பிளவை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தும் சக்தி அதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் வெடி வைத்த முகப்பிலேயே கதை வேறு. அங்கே வாயு பிளவுக்குள் புகுந்து அதைத் திறந்துவிடுகிறது, வாரம் தவறாமல். வெடித்துக் கல் எடுத்தபின் தொங்கிக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் ஜல்லிக் கல் பொறுக்க ஆளை அனுப்புவதைப்போல ஆபத்தான வேலை இல்லை. முதலில் கடப்பாரையால் தட்டித் தளர்ந்ததை உதிர்க்க வேண்டும். எல்லாக் குழியையும் ஒரே நேரத்தில் வெடிக்காமல் மில்லிசெகண்ட் இடைவெளி விட்டு வெடிப்பது, நிரந்தரமாக நிற்க வேண்டிய முகப்பில் நெருக்கமாகத் துளை போட்டு முன்கூட்டியே பிளந்துவிடுவது, இரண்டுமே பின்னால் இருக்கும் பாறையைக் காப்பாற்றும். பழைய நினைவுச் சின்னங்களுக்குப் பக்கத்தில், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் (நொடிக்கு 8 ஆட்டத்துக்கும் குறைவாக) இருந்தால், நிலம் அசையும் வேகம் நொடிக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இலேயே சொல்லியிருக்கிறது. சாதாரண வீடுகளுக்கு அதுவே 5.

அதிகம் பேர் நல்லெண்ணத்தோடு செய்கிற தவறு, பிளவைச் சிமென்ட் வைத்துப் பூசுவது. மழைத் தண்ணீர் மேலே எங்கோ இறங்கிக்கொண்டுதான் இருக்கும்; கீழே வெளியேறும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே தேங்கும் நீர் மேல் பாறையைத் தூக்குகிறது, முகங்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது, உராய்வும் குறைகிறது. அந்த நேரத்தில் அதிர்வு வந்தால், தேய்ந்த பிளவு சுருங்கி, வெளியேற முடியாத நீரின் அழுத்தம் இன்னும் ஏறும். செம்மண் இறங்கி நிரம்பிய பிளவு என்றால் கல்லும் கல்லும் தொடுவதே இல்லை. அங்கே கல்லின் உராய்வை வைத்துக் கணக்குப் போடுவதே வீண். பூச்சுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு, பிளவு நகர்கிறதா என்று பார்க்க முடியாமல் கண்ணை மறைத்துவிடும். கீழே வடிகால் துளை போடுங்கள். மேலே தண்ணீர் இறங்கும் இடத்தைத் திருப்பிவிடுங்கள். பிளவில் முளைத்த அரசங்கன்றை வேர் தடிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

பொறியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கைக்கு அடங்கும் மாதிரியில் கிடைத்த சொரசொரப்பைப் பத்து மீட்டர் பிளவுக்கு அப்படியே போடக் கூடாது. பரப்பு பெரிதாக ஆக மேடுகளின் பங்கு குறையும். 1965இல் நியூமார்க் சொன்ன சறுக்குக் கட்டை முறையில் நகர்வைக் கணக்கிடும்போதும் முதல் ஆட்டத்து உராய்வையே கடைசி வரை வைத்துக்கொள்கிறார்கள். நகர நகர அதைக் குறைத்துப் போட்டால்தான் விடை உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

சந்தேகப்படும் பிளவு உங்கள் இடத்தில் இருந்தால் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவையுங்கள். இரண்டு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்தால் இன்னும் நல்லது. அளப்பதை எப்போதும் ஒரே நேரத்தில், அதிகாலையில் செய்யுங்கள். சித்திரை வெயிலில் பாறை விரிந்து அளவு மாறிவிடும். கண்ணாடி உடைந்தால் மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். திருமயம்போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் மட்டும் எதையும் ஒட்டவோ அடிக்கவோ வேண்டாம். படம் எடுத்து, தேதியோடு அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.