பழைய கம்ப்யூட்டர் போர்டில் ஐசி அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், பதுளைப் பக்கம் ஏதாவது ஸ்டோரில் கிடந்த எண்பதுகளின் கம்ப்யூட்டர் போர்டு கைக்கு வந்தால், ஐசி (சிப்) மேல் கண்ணில் படுகிற முதல் நம்பரை அதன் பெயராக எடுத்துவிடாதீர்கள். 7432 என்றால் நான்கு ஆர் கேட் (ஒரு வகை லாஜிக் சுற்று) உள்ள ஐசி. அதே 7432, 1974ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரானது என்ற தேதியாகவும் இருக்கலாம். பக்கத்து ஐசிகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் 8420, 8427 என்று கிட்டக்கிட்ட வந்தால் அதுதான் தேதி.

74எல்எஸ்32 போல நம்பரின் நடுவில் வந்து ஐசியின் வகையைச் சொல்லும் எழுத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 74எல்எஸ் இருந்த இடத்தில் 74எச்.சி. போட்டால் கால்கள் பொருந்தும், ஆனால் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. எல்எஸ் தருகிற 'ஹை' (1 என்பதைக் குறிக்கும்) வோல்டேஜ் எச்.சி.க்குப் போதாமல் போகலாம். 74எச்.சி.டி. அந்த இடத்துக்கு ஓரளவு ஏற்றது.

பெரிய சேதம் மெமரி ஐசியில்தான். 4116, 4164 இரண்டுக்கும் 16 கால். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 4116க்கு 12, 5, மைனஸ் 5 வோல்ட் என்று மூன்று சப்ளை வேண்டும். 8ஆவது காலில் 12 வோல்ட் வரும். 4164க்கு அதே காலில் 5 வோல்ட் மட்டும்தான். 4116 இடத்தில் 4164ஐப் போட்டு ஆன் செய்தால் அந்த ஐசி அவ்வளவுதான். இப்போது தேடினாலும் சுலபத்தில் கிடைக்காத சாமான் அது. அதனால் சொக்கெட் காலியாக இருக்கும்போதே மீட்டரால் வோல்டேஜை அளந்து பாருங்கள். 2716 ஈப்ரொமிலும் (புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடிய மெமரி ஐசி) இதே சிக்கல் உண்டு: டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்2716 மூன்று சப்ளை கேட்கும், இன்டெலின் 2716க்கு 5 வோல்ட் போதும். இன்டெலுடையதற்குச் சமமாக டெக்சஸ் விற்றது டிஎம்எஸ்2516.

ஈப்ரொம் நம்பரைப் படிக்க அதன் கண்ணாடி மேலுள்ள ஸ்டிக்கரை உரித்தால், படித்த கையோடு மறுபடி மூடிவிடுங்கள். நேர் வெயிலில் ஒரு வாரமளவில் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

நம்ம மலைநாட்டு ஈரத்தில் கால்கள் கறுத்திருப்பது சாதாரணம். பழைய டெக்சஸ் ஐசிகளின் கால்களில் வெள்ளி முலாம் இருப்பதால் சீக்கிரம் கறுக்கும். அதைப் பார்த்து ஐசி பழுது என்று கழற்றாதீர்கள். மங்கிய எழுத்தைத் தின்னர் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், மிச்சமும் போய்விடும். ஐசி மேல் மெதுவாக ஊதி, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து ஓரளவு தெரியும். அப்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.