மழையில் கரைந்து முளைக்கும் மண் நாரை: செய்முறை

அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு, மண் வேலை செய்யும் வேளார் செய்யும் குதிரை சூளையில் வெந்தது, பல வருஷம் நிற்கும். இது வேகாத மண். வற்றிய கண்மாயின் வண்டலில் ஒரு நாரையைச் செய்து, ஐப்பசி மழைக்குக் கரையவிட்டு, அது இருந்த இடத்தில் நாட்டுச் செடிகளை வளர்க்கும் வேலை. ஆகவே உறுதிக்கென்று சிமென்ட், பசை, சுண்ணாம்பு எதுவும் சேர்க்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பின்பாதியில் தொடங்கும். உருவம் நிழலில் காய 2 முதல் 3 வாரம் பிடிக்கும். ஆவணிக் கடைசியில் மண்ணைக் குழைத்துவிட வேண்டும்.

2 அடி உயர உருவத்துக்குச் சுமார் 30 கிலோ மண். கண்மாயில் அள்ள அனுமதி வேண்டும் என்பதால் குயவரிடம் வாங்குவது சுலபம். பென்சில் கனத்துக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் களி போதாது. விரலை விட்டு வராமல் ஒட்டிக்கொண்டால் மணல் கூட்ட வேண்டும். சலித்த வண்டல் 4 பங்கு, மணல் 1, உமி 1, காய்ந்த சாணத்தூள் அரைப் பங்கு. ஒரு ராத்திரி ஊறவைத்து, மிதித்து, ஈரச்சாக்கு மூடி 3 நாள் விடுங்கள்.

சாணத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. மேய்ச்சல் மாடு சீமைக் கருவேலங்காயைத் தின்றிருந்தால் விதை சாகாமல் சாணத்தோடு வரும். நாரை கரைந்த மேட்டில் அது முளைத்தால் இத்தனை பாடும் வீண். மாவு சல்லடையில் சலித்த தூளை மட்டும் சேருங்கள்.

நாரையை உட்கார்ந்த நிலையில் செய்யுங்கள். பச்சை மண்ணில் மெல்லிய கால் நிற்காது. உள்கூட்டுக்குக் கம்பி வேண்டாம். காய்ந்த சீமைக் கருவேலங் குச்சிகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி, மேலே வைக்கோல் பிரியைக் கட்டைவிரல் கனத்துக்குச் சுற்றுங்கள். காயும் மண் சுருங்கும், குச்சி சுருங்காது. நடுவில் வைக்கோல் இல்லாவிட்டால் நெடுக வெடிக்கும். அலகுக்கு மூங்கில் சிம்பு போதும்.

முதல் பூச்சு ஒரு விரல் கனம். மறுநாள் சேற்றுக்குழம்பு தடவி இரண்டாவது பூச்சு. மொத்தம் 2 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வெயிலிலும் காற்றிலும் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து பிளக்கும். மயிரிழை வெடிப்புகளை அடைக்காதீர்கள், மழைத்தண்ணீர் உள்ளே போக அதுதான் வழி.

விதையை ஈர மண்ணோடு பிசைவதுதான் பலரும் செய்யும் தப்பு. அங்கேயே முளைவிட்டு, மண் காயும்போது கருகிவிடும். மண் தோல் பதத்தில், அதாவது பாதி காய்ந்து, அழுத்தினால் குழி விழும் நிலையில் இருக்கும்போது விரல் நுனியால் 30, 40 குழிகள் போடுங்கள், கீழ்ப்பாதியில் அதிகமாக. உருவம் முழுக்கக் காய்ந்தபின் குழிக்கு 5 விதை வீதம் வைத்து, காய்ந்த மண்ணால் நிரப்பி, ஈரம் குறைந்த களியால் மெல்ல மூடுங்கள். எறும்பு தூக்கிப் போகாது. ஆவாரை, கொழுஞ்சி இரண்டுக்கும் தோல் கடினம், உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் சீக்கிரம் முளைக்கும். தும்பையை அப்படியே வைக்கலாம். ஆனி, ஆடியில் பொறுக்கிய வேப்பங்கொட்டை இதற்குள் முளைப்புத்திறன் இழந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

வைக்கும் இடம் நீர் தேங்காததாக இருக்கட்டும். 4 அடிக்கு 4 அடி, அரை அடி ஆழம் கொத்தி மண்ணைப் பொலபொலவென்று ஆக்குங்கள். கட்டாந்தரையில் வைத்தால் கரைந்த களி பொருக்காகிவிடும், முளை அதைக் கிழித்து வர முடியாது. பொருக்குத் தட்டினால் பூவாளியால் தெளித்து, விரலால் கீறிவிடுங்கள். முதல் மழைக்குப்பின் ஒரு வாரம் வானம் பொய்த்தால் தினமும் சாயங்காலம் தெளிப்பு.

ஆட்டுக்கு முள் வேலி போட்டே ஆக வேண்டும். சீமைக் கருவேல முள்ளையே போடலாம், காய்களை உதறிவிட்டு. தை மாதம் வரைக்கும் வாரம் ஒருமுறை மேட்டைப் பாருங்கள். சிறகுபோன்ற இலையோடு முள்கன்று தெரிந்தால், ஆணிவேர் இறங்குமுன் ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து திரும்பத் தழைக்கும்.